மண்டப விளக்கும் படத்தில் விழுந்த பட்டைகளும்

கல்யாண மண்டபத்தில் 1/500 நொடியில் எடுத்த படங்களில் குறுக்கே கறுப்புப் பட்டைகள்; சிலவற்றில் பாதிப் படம் மஞ்சளடித்திருந்தது. லென்ஸைத் துடைத்துப் பயனில்லை. கோளாறு விளக்கில்.

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்: நொடிக்கு 50 சுற்று, ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை தாழும். அதனால் ட்யூப்லைட்டும் மலிவான எல்இடியும் நொடிக்கு 100 முறை மங்கி எரியும். கண்ணுக்குத் தெரியாது. வேகமான ஷட்டரோ சென்சாரை மேலிருந்து கீழாகக் கீற்றுக் கீற்றாகத் திறக்கிறது. ஒவ்வொரு கீற்றுக்கும் வேறு வெளிச்சம்.

முதலில் சைலண்ட் ஷட்டரை அணைத்தேன். சத்தமில்லாத அந்த எலக்ட்ரானிக் ஷட்டரில்தான் பட்டை அதிகம். பிறகு ஷட்டரை 1/100க்கு இறக்கினேன்: ஒரு முழு மினுக்கல் உள்ளே வந்துவிடும். 1/50ம் சரி, இரண்டு முழு மினுக்கல்; 1/60இல் முழுதாக அமையாது, சரிவராது. ஏறத்தாழ இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் இருமடங்கு) வெளிச்சம் கூடுவதால் ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளியுணர்வை, 3200லிருந்து 800க்குக் குறைத்தேன். படத்தில் புள்ளியும் குறைந்தது, அது இனாம்.

1/100இல் தாலி கட்டும் கை கலங்கலாம். கை நிற்கும் கணத்துக்குக் காத்திருக்க வேண்டும். கேமராவில் ஆன்டி ஃப்ளிக்கர் (மினுக்கலின் உச்சத்தில் படமெடுக்கும் வசதி) இருந்தால் 1/250லும் முயலலாம், தொடர் படங்களின் வேகம் சற்றுக் குறையும்.

மேடையின் கலர் எல்இடிக்கு இந்தக் கணக்கு செல்லாது. அதன் மினுக்கல் வேகமே வேறு. ஷட்டரைச் சிறிது சிறிதாக மாற்றி, சோதனைப் படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பதுதான் வழி.