ஆட்டத்தைக் கெடுக்காத ஹோம்ப்ரூ ஆயுதம்: படிப்படியாக

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (பகடை உருட்டி, கதாபாத்திரமாக ஆடும் விளையாட்டு) 5ஆம் பதிப்பு ஆடுபவர்களுக்கு, விதிப்புத்தக அட்டவணையில் இருக்கிற ஆயுதங்கள் ஒரு கட்டத்தில் அலுத்துவிடும். அப்போது நாமே புதியதை உருவாக்குவதுதான் ஹோம்ப்ரூ. எங்கள் குழுவில் ஒருவர் சங்கிலி அரிவாள் கேட்டார். ஒரு கையில் பிடிக்க வேண்டும், 10 அடி எட்ட வேண்டும் (இதுதான் ரீச்), 1டி8 டேமேஜ் (ஒரு 8 பக்கப் பகடை), ஃபினெஸ் (பலத்துக்குப் பதில் டெக்ஸ், அதாவது சுறுசுறுப்பை வைத்து அடிக்கலாம்), அடிபட்ட எதிரியைப் பக்கத்தில் இழுக்க வேண்டும், போதாததற்குத் தீயும் பற்ற வேண்டும். அதை ஆடத்தக்க ஒன்றாகச் செதுக்கிய வழி இது. ஏசி (அடி விழ எட்ட வேண்டிய எண்), ப்ரொஃபிஷியன்சி (பயிற்சிக்குக் கிடைக்கும் கூடுதல் எண்) எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: ஒரே வேலை

ஆயுதம் எதற்காக நினைவில் நிற்க வேண்டும் என்று ஒரு வரியில் எழுதச் சொல்லுங்கள். "இது இழுக்கும்" என்று வந்தது. சரி, அப்படியானால் இழுப்பதுதான் ஆயுதம். மீதி எல்லாம் பேரம் பேச வேண்டியவை.

படி 2: பங்காளியைத் தேடுங்கள்

வெற்றுத்தாளில் தொடங்காதீர்கள். அட்டவணையில் மிக நெருங்கிய ஆயுதத்தை எடுத்து, அங்கிருந்து நகருங்கள். ஒவ்வொரு பண்புக்கும் என்ன விலை என்று விதிப்புத்தகம் எழுதிவைக்கவில்லை, ஆனால் ஆயுதங்களை அருகருகே வைத்தால் விலை தானாகத் தெரியும். ரேபியர் 1டி8, ஃபினெஸ். ஷார்ட்சுவர்ட் 1டி6, ஃபினெஸ், லைட் (கைக்கு ஒன்றாக இரண்டு வைத்து அடிக்க ஏற்றது). ஆக, லைட்டுக்கு ஒரு படி குறைகிறது. கிரேட்ஆக்ஸ் 1டி12, கிளேவ் 1டி10, ரீச். இரண்டு கை ஆயுதத்தில் ரீச்சுக்கு ஒரு படி. சாட்டைக்கு ஃபினெஸும் உண்டு, ரீச்சும் உண்டு, ஆனால் 1டி4 தான். அதாவது ஒரு கையில் ரீச் என்றால் இரண்டு படி போகிறது. மறு கையில் கேடயம் பிடித்துக்கொண்டு 10 அடி தள்ளி நின்று அடிக்கலாம் அல்லவா, அதற்குத்தான்.

நம் சங்கிலி அரிவாள் சாட்டையின் பங்காளி. 1டி4. நண்பருக்கு முகம் வாடிவிட்டது. ஆனால் டி4-க்கும் டி8-க்கும் சராசரியில் வித்தியாசம் வெறும் 2. பகடையின் அளவைப் பற்றித்தான் எல்லோரும் சண்டை போடுகிறார்கள். ஆயுதம் கைமீறிப் போவது அங்கே இல்லை.

படி 3: "ஒவ்வொரு அடிக்கும்" என்று எழுதும் முன்

அதிக நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இது. தீக்கு 1டி6 கூடுதல் என்றால் சின்ன விஷயமாகத்தான் தெரியும். கணக்குப் போடுங்கள். 5ஆம் லெவல் ஃபைட்டர், டெக்ஸ் +4, தாக்குதலுக்கு +7, எதிரியின் ஏசி 15. 20 பக்கப் பகடையில் 8 விழுந்தால் போதும், அதாவது 65 சதவீதம்.

தீ இல்லாமல் ஒரு தாக்குதல்: 0.65 × 6.5 (டி4 சராசரி 2.5, டெக்ஸ் 4), கிரிட்டுக்கு (20 விழுந்தால் டேமேஜ் பகடை இரட்டிப்பு) 0.125, மொத்தம் 4.35. ஒரு சுற்றில் இரண்டு தாக்குதல், 8.7.

அடிக்கு அடி 1டி6 தீ சேர்த்தால் 13.6. பாதிக்கு மேல் ஏறிவிட்டது! ஒப்பிட, தாக்குதலுக்கும் டேமேஜுக்கும் ஒன்று கூட்டும் சாதாரண +1 மாய ஆயுதம் வைத்தால் 10.75 தான் வரும்.

இன்னும் இருக்கிறது. 11ஆம் லெவலில் ஃபைட்டருக்கு மூன்று தாக்குதல், ஆக்‌ஷன் சர்ஜ் (அதே டர்னில் இன்னொரு முறை செயல்படும் திறன்) எடுத்தால் ஆறு. தீயும் கூடவே பெருகும். அதே ஆயுதம் ரோக் (பதுங்கித் தாக்கும் கேரக்டர் வகை) கையில் போனால் ஒரே தாக்குதல், சுற்றுக்கு 2.45 தான் கூடும். எண் ஒன்றுதான், யார் கையில் எத்தனை முறை வேலை செய்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

நான் வைத்த தீர்வு: தீ ஒரு டர்னுக்கு ஒருமுறை மட்டும். இப்போது ஃபைட்டருக்கு 3.3 கூடும், ரோக்குக்கு 2.45. ஃபைட்டருக்கு மூன்றாவது தாக்குதல் வந்தாலும் மூன்றரையைச் சுற்றியே நிற்கும். +1-ஐ விட இது கொஞ்சம் அதிகம் என்பதால் அட்யூன்மென்ட்டும் (மாயப் பொருளோடு கேரக்டர் பிணைந்துகொள்வது, ஒருவருக்கு இத்தனைதான் என்று வரம்பு உண்டு) வேண்டும் என்று போட்டேன். "விதிப்புத்தகத்தின் தீ வாளான ஃபிளேம் டங் அடிக்கு அடி 2டி6 தருகிறதே" என்று கேட்பார்கள். தருகிறது, ஆனால் அது ரேர் (அரிய) வகை, அட்யூன்மென்ட்டும் கேட்கிறது.

இந்தக் கணக்குக்கு எனக்கு ஸ்ப்ரெட்ஷீட் போதும். எனிடைஸ் (பகடைக் கணக்குப் போடும் இணையதளம்) நல்ல கருவிதான், ஆனால் ஏசியை 13, 15, 18 என்று மாற்றி மாற்றிப் பார்க்க ஸ்ப்ரெட்ஷீட்டுதான் வசதி. ஹோம்ப்ரூவரியில் (விதிப்புத்தகம் போல பக்கம் வடிவமைக்கும் இணையதளம்) அழகான பக்கம் செய்வதைக் கடைசிக்கு வையுங்கள். அழகாக வந்துவிட்ட எண்ணை மாற்ற யாருக்கும் மனசு வராது.

படி 4: இழுப்பது

5ஆம் பதிப்பின் 2024 திருத்த விதிகளில் புஷ் என்ற மாஸ்டரி (ஆயுதத்தோடு வரும் சிறப்பு விளைவு) இருக்கிறது: லார்ஜ் அளவு அல்லது அதற்குச் சிறிய எதிரியை 10 அடி தள்ளும். அதைத் திருப்பிப் போட்டு, அரிவாளின் மாஸ்டரியே "10 அடி இழு" என்று வைத்தேன். அளவு வரம்பும் அதேதான். வளர்ந்த டிராகனை இழுக்க முடியாது, கேட்காதீர்கள். அடிக்கடி அடிக்கிற கேரக்டருக்கு டாப்பிள் (எதிரியைக் கீழே விழவைப்பது) போன்ற மாஸ்டரியை நான் கொடுக்க மாட்டேன். ஒவ்வொரு அடிக்கும் டிஎம் (ஆட்டத்தை நடத்துபவர்) ஒரு சேவ் (எதிரி தப்பிக்கும் பகடை) உருட்ட வேண்டும், சண்டை நகரவே நகராது.

படி 5: ஒரு மாதிரிச் சண்டை

கேரக்டரை அவருடைய பழைய ஆயுதத்தோடு ஒருமுறை, புதியதோடு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். பழையதை எடுக்க ஒரு காரணமும் மிச்சம் இல்லை என்றால் படி 3-க்குத் திரும்புங்கள். கொடுக்கும்போதே "எண்கள் மாறலாம்" என்று சொல்லிவிடுவது நல்லது.

பிற்சேர்க்கை: இதைப் படித்த ஒருவர் கேட்டது. "டர்னுக்கு ஒருமுறை" என்றால், எதிரியின் டர்னில் ஆப்பர்சூனிட்டி அட்டாக் (எட்டும் தூரத்தை விட்டு விலகும் எதிரியை அடிப்பது) அடித்தால் தீ மறுபடி பற்றுமா? பற்றும். ரோக்கின் ஸ்னீக் அட்டாக்கும் (டர்னுக்கு ஒருமுறை கிடைக்கும் கூடுதல் டேமேஜ்) அப்படித்தான் வேலை செய்கிறது. 10 அடி எட்டும் ஆயுதத்துக்கு அந்த வாய்ப்பு அமைவது சகஜம் என்பதால், இப்போது என் தாளில் "உங்கள் டர்னில் ஒருமுறை" என்று மாற்றிவிட்டேன்.