18ஏ ரசீது: டர்பன் கோவில் குழுக்கள் கவனிக்க வேண்டியவை

கோவிலுக்கு வரும் எல்லாப் பணத்துக்கும் 18ஏ ரசீது, அதாவது கொடுத்தவர் வருமான வரிக்கழிவு கேட்க உதவும் ரசீது, எழுதலாம் என்று நினைப்பதில்தான் பல குழுக்கள் மாட்டிக்கொள்கின்றன. தென்னாப்பிரிக்க வருமான வரிச் சட்டத்தின் ஒன்பதாம் அட்டவணைக்கு இரண்டு பகுதிகள். முதல் பகுதியில் சமயப் பணி இருக்கிறது. அதை வைத்துக் கோவில் தன் வருமானத்துக்கு விலக்குப் பெறலாம். கொடுத்தவருக்கு வரிக்கழிவு கிடைப்பது இரண்டாம் பகுதியால். அதில் ஏழைகள் நலன், மருத்துவம், கல்வி எல்லாம் உண்டு, சமயம் கிடையாது. ஆகவே கோபுரத்துக்கு வண்ணம் அடிக்கவும் காவடிக்கும் வந்த பணத்துக்குச் சாதாரண ரசீதுதான். ஏழைக் குடும்பங்களுக்கு அரிசி, பருப்பு, எண்ணெய் வாங்கிக் கொடுக்க வந்ததற்கு 18ஏ எழுதலாம், அதற்கு சார்ஸ் (தென்னாப்பிரிக்க வரித்துறை) ஒப்புதல் இருந்தால்.

ஒப்புதல் கடிதத்தை எடுத்துப் படியுங்கள். 930 என்று தொடங்கும் பொதுநல அமைப்பு எண் இருந்தால் மட்டும் போதாது. 18ஏ பிரிவு என்று கடிதத்திலேயே எழுதியிருக்க வேண்டும்.

அடுத்து, அன்னதானப் பணத்துக்குத் தனி வங்கிக் கணக்கு. 18ஏ பணம் முழுவதும் இரண்டாம் பகுதிப் பணிக்கே போனது என்று தணிக்கைச் சான்று வாங்கி வைக்க வேண்டும். பூசைச் செலவோடு கலந்துவிட்டால் எந்தத் தணிக்கையாளரும் கையெழுத்துப் போடத் தயங்குவார். நம்பிக் கொடுத்தவரின் கழிவு அதனால் போனால் அது மிகவும் வருத்தமான விஷயம்.

ரசீதில் வரிசை எண், 930 எண், பணம் வந்த தேதி, கோவிலின் பெயர் முகவரி, தொகை, 18ஏ பணிக்கு மட்டுமே செலவாகும் என்ற உறுதி ஆகியவை இருக்கட்டும். கொடுத்தவரின் பெயர், முகவரியோடு அடையாள எண், வரி எண், தொலைபேசி, மின்னஞ்சல் ஆகியவையும் 2023 மார்ச் முதல் கேட்கப்படுகின்றன. “ஒரு பக்தர்” என்று எழுதிய ரசீது செல்லாது.

அரிசி மூட்டையாகக் கொடுத்தால் பொருளை விவரித்து எழுதுங்கள். ஞாயிறுதோறும் வந்து சமைத்துத் தருபவரின் உழைப்புக்கு 18ஏ கிடையாது, நன்றிக் கடிதம் கொடுங்கள். நிதி திரட்டும் விருந்துக்கு வாங்கிய டிக்கெட்டுக்கும் கிடையாது. அவருக்குச் சாப்பாடு கிடைத்துவிட்டதே.

கழிவு வரிக்குரிய வருமானத்தில் 10 சதவீதம் வரை. 4,00,000 ராண்ட் உள்ளவர் 50,000 கொடுத்தால் இந்த ஆண்டு 40,000, மீதி 10,000 அடுத்த ஆண்டுக்குப் போகும். தருவதாகச் சொன்ன தொகை கணக்கில் வராது. வரி ஆண்டு முடியும் பிப்ரவரி கடைசி நாளுக்குள் பணம் கைக்கு வந்திருக்க வேண்டும். ஆகவே ஜனவரியிலேயே நினைவூட்டுங்கள்.