கிளிநொச்சியில் ஒரு லாகின் படிவம்

எங்கள் பால் உற்பத்தியாளர் சங்கத்தின் இணையத்தளம், தளம் அமைக்க உதவும் மென்பொருளான வேர்ட்பிரஸில் ஓடுகிறது. பரந்தன், முழங்காவில் பக்க உறுப்பினர்கள் போனிலேயே உள்நுழைவார்கள். பயனர்பெயர் 0 இல் தொடங்கும் அவர்களுடைய தொலைபேசி இலக்கம்தான். ஆனால் ஒருவர் நாட்டுக் குறியீடான +94 போட்டு அடிப்பார், இன்னொருவர் நடுவில் இடைவெளி விடுவார். உடனே "பயனர் இல்லை" என்று வரும், எனக்கு அழைப்பு வரும்.

கோட் எழுதித்தான் சரிசெய்தேன். வேர்ட்பிரஸ் வேலையின் நடுவில் நம் கோடை இணைக்கும் இடம்தான் ஹூக். 'டபிள்யூபி ஆதென்டிகேட்' (wp_authenticate) என்ற ஹூக், கடவுச்சொல்லைச் சோதிப்பதற்கு முன்பே ஓடும். அதில் பயனர்பெயரிலிருந்து இலக்கங்கள் தவிர மற்றதையெல்லாம் நீக்கி, தொடக்கத்தில் 94 இருந்தால் 0 ஆக்கினேன். பயனர்பெயர் உள்ள மாறியை ரெஃபரன்ஸாக, அதாவது நகலாக அல்லாமல் மூலமாகவே, வாங்க வேண்டும். அதற்காக மாறியின் முன் போடும் ஆம்பர்சாண்ட் (&) குறியை விட்டுவிட்டால் எந்த மாற்றமும் நடக்காது, பிழைச் செய்தியும் வராது. நிர்வாகியான என் பயனர்பெயர் எழுத்தில் இருப்பதால், எழுத்து வந்தால் தொடாதே என்று ஒரு நிபந்தனையும் சேர்த்தேன். இல்லாவிட்டால் நானே வெளியே நிற்க வேண்டியதுதான்!

பயனர்பெயர்ப் பெட்டியின் லேபிளை, திரையில் வரும் சொற்களை மாற்ற உதவும் 'கெட்டெக்ஸ்ட்' (gettext) ஃபில்டரால் "தொலைபேசி இலக்கம்" ஆக்கினேன். படிவத்தின் மேலுள்ள லோகோவை அழுத்தினால் வேர்ட்பிரஸ் தளத்துக்குப் போகும். 'லாகின் ஹெடர்யூஆர்எல்' (login_headerurl) ஃபில்டர் அதை எங்கள் முகப்புக்குத் திருப்பியது. நிறம், எழுத்தளவு எல்லாம் சின்ன வேலை.

இந்தக் கோடை, தளத்தின் தோற்றத்தைத் தரும் தீமின் ஃபங்ஷன்ஸ் கோப்பில் எழுதினால் தீமின் அடுத்த அப்டேட்டில் அழிந்துவிடும். அதனால் எம்யூ பிளகின்ஸ் (mu-plugins) என்ற, கட்டாயம் ஓட வேண்டிய துணை நிரல்களுக்கான கோப்புறையில் தனிக் கோப்பாக வைத்தேன். அது தானாகவே ஏறும், நிர்வாகப் பக்கத்தில் யாரும் தவறுதலாக நிறுத்தவும் முடியாது. இப்போது வரும் அழைப்புகள் கடவுச்சொல் மறந்தவர்களுடையவை மட்டும்.