சிறு தீக்காயத்துக்குக் கற்றாழைச் சோறு

கை சுட்டுக்கொண்டால் முதலில் வேண்டியது கற்றாழை அன்று, தண்ணீர். காயத்தைக் குழாய் நீரில் 20 நிமிடம் காட்டிய பிறகே மற்றவை. சோற்றுக் கற்றாழையின் முதிர்ந்த மடல் ஒன்றை அடியோடு அறுத்து, வெட்டுவாய் கீழ்நோக்கி இருக்குமாறு ஒரு கிண்ணத்தில் கால் மணி நேரம் நிறுத்தினால், தோலை உறுத்தக்கூடிய மஞ்சள் நிறக் கசப்புப் பால் வடிந்துவிடும். பலர் விட்டுவிடுவது இந்தப் படியைத்தான். பின்னர் மடலைக் கழுவி, முள்விளிம்பையும் பச்சைத் தோலையும் சீவி, கண்ணாடி போன்ற சோற்றை மட்டும் சுத்தமான கரண்டியால் வழித்து, காயத்தின் மேல் மெல்லிதாகத் தடவ வேண்டும். மீந்ததைச் சேமிக்காதீர்கள், விரைவில் கெட்டுவிடும். ஒவ்வாமை உண்டா என்பதைக் காயமில்லாத நாளிலேயே முன்கையில் தடவிப் பார்த்து வைத்திருப்பது நல்லது. ஆழமான வெட்டு, உடைந்த கொப்புளம், சீழ்ப்புண், நீரிழிவு உள்ளவரின் கால்புண் ஆகியவற்றில் இதைத் தடவாமல் மருத்துவரிடம் காட்டவும்.