கொயரில் பாடுவோர் காதை மறக்கும் இடங்கள்

நன்றாகப் பாடத் தெரிந்த முப்பது பேரை வரிசையாக நிறுத்தினால் மட்டும் கொயர், அதாவது பல குரல்கள் இசைந்து ஒன்றாகப் பாடும் குழு, வந்துவிடாது. முப்பது தனிக்குரல்கள் ஒரே நேரத்தில் ஒலிக்கும், அவ்வளவுதான். ஊர்க் கொயர்களில் நடக்கும் தவறுகளில் பெரும்பங்கு பக்கத்தில் நிற்பவரைக் கேட்காத காதிலிருந்துதான் தொடங்குகிறது.

முதலில் சத்தம். பின்வரிசையில் பேஸ் (ஆண்களின் தாழ்ந்த குரல்) பாடுவோர் கொஞ்சம் ஏற்றினால், தம் குரல் தமக்கே கேட்கவில்லை என்று டெனரும் (ஆண்களின் உயர்ந்த குரல்) ஏற்றும். அதைப் பார்த்து ஆல்ட்டோ (பெண்களின் தாழ்ந்த குரல்), பிறகு சொப்ரானோ (பெண்களின் உயர்ந்த குரல்). இரைச்சலுக்கு நடுவே நம்மை அறியாமலே குரலை உயர்த்துகிறோம். இதைப் பற்றி எத்தியேன் லொம்பார் என்ற பிரெஞ்சு காது மூக்கு தொண்டை மருத்துவர் 1911-லேயே எழுதினார். இன்றும் அதற்கு அவர் பெயர்தான். கொயர் முழுக்க இது தொற்றினால் மூன்றாவது பாட்டுக்குள் தொண்டை கட்டிவிடும். பக்கத்தில் நிற்பவரின் குரல் உங்களுக்குக் கேட்கவில்லையா? நீங்கள் அதிகமாகப் பாடுகிறீர்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அதற்காக உதட்டை மட்டும் அசைத்து ஒப்பேற்றுவதும் கூடாது. தோளோடு தோள் ஒட்டாமல் ஒரு முழம் இடம் விட்டு நின்று பாருங்கள்: தன் குரலும் கேட்கும், பிறர் குரலும் கேட்கும். பாதிச் சண்டை அதிலேயே தீர்ந்துவிடும்.

சுருதி ஏன் இறங்குகிறது?

பக்கவாத்தியம் இல்லாமல் ஒரு பாட்டைப் பாடி முடித்துவிட்டு கீபோர்டைத் தொட்டால், அரைச்சுரம் (கீபோர்டில் அடுத்தடுத்த இரு கட்டைகளின் இடைவெளி) இறங்கியிருக்கும். உடனே “மூச்சு போதவில்லை” என்று சொல்லிவிடுவார்கள். பாதி உண்மை. மீதி, சில குறிப்பிட்ட இடங்களில் ஒளிந்திருக்கிறது.

ஒரே சுரம் நாலைந்து முறை தொடர்ந்து வரும் இடத்தைக் கவனியுங்கள். ஒவ்வொரு முறையும் மயிரிழை சரியும். ஐந்தாவது முறைக்குள் காதில் உறுத்தும் அளவு ஆகிவிடும். பெரும்பாலும் ஆல்ட்டோ, டெனர் பகுதிகளுக்குத்தான் இந்தச் சோதனை. ஒவ்வொரு தடவையும் அந்தச் சுரத்தை மேலிருந்து புதிதாகத் தொடுவதாக நினைத்துப் பாடினால் நிற்கும்.

அடுத்தது படிகள். ஏறும்போது படியைச் சிறிதாகவும் இறங்கும்போது பெரிதாகவும் வைப்பது மனிதப் பழக்கம். இறங்குவரிசையைத் தனியே எடுத்து, மெதுவாக, கீபோர்டு இல்லாமல் பாடி, கடைசிச் சுரத்தில் மட்டும் கீபோர்டைத் தொட்டுச் சரிபாருங்கள்.

மூன்றாவது கொஞ்சம் நுட்பமானது. மேஜர் கார்டின் (ச, க, ப போல மூன்று சுரங்கள் சேர்ந்து ஒலிப்பது) மூன்றாம் சுரம், அதாவது நடுவிலுள்ள “க”, கீபோர்டில் இருக்கும் இடம், குரல்கள் இயல்பாக ஒட்டிக்கொள்ளும் இடத்தைவிடச் சுமார் 14 சென்ட் உயரம் (ஓர் அரைச்சுரத்தை நூறாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு சென்ட்). கார்டு நீண்டு நிற்கும் இடத்தில் பேஸ் அசையாமல் நிற்க வேண்டும். மூன்றாம் சுரம் யாரிடம் இருக்கிறதோ அவர்கள் மட்டும் காதால் இழைத்துச் சேர வேண்டும். பேஸும் கூடவே நெளிந்தால் கட்டடமே இறங்கிவிடும். இதைப் பயில, பேஸ் மட்டும் ஒரு சுரத்தைப் பிடித்துக்கொள்ள, மற்றவர்கள் ஒவ்வொருவராக “ம்” என்று முனகிக்கொண்டு மேலே சேருங்கள்.

மூச்சும் எழுத்தும்

கொயரை நடத்தும் மாஸ்டர் மூச்சுக்குறி போட்ட இடத்தில் எல்லாரும் சேர்ந்தே வாங்கலாம். குறி இல்லாத நீண்ட வரியில் எல்லாரும் ஒரே இடத்தில் வாங்கினால் பாட்டில் ஓட்டை விழும். அங்கே மாறி மாறி வாங்க வேண்டும்: நீண்ட உயிரெழுத்தின் நடுவில், பக்கத்தவர் வாங்காத நேரத்தில், காற்று தீருமுன்பே. விலகும்போது ஒலியைத் தேய்த்து விலகி, அதே உயிரெழுத்தில் மெல்ல நுழையுங்கள். சொல்லை உடைத்து மூச்சு வாங்குவது தனிப்பாட்டில் குற்றம். கொயரில் அதுதான் மரியாதை.

“ஐ” என்ற எழுத்து நீண்டு வந்தால், சிலர் உடனே “இ”க்குத் தாவிவிடுவார்கள், சிலர் “அ”விலேயே நிற்பார்கள். இரண்டும் கலந்தால் சுருதி சரியாக இருந்தும் கலங்கிக் கேட்கும். கடைசி நொடிவரை “அ”வில் நின்று, விடும்போது மட்டும் “இ”யைத் தொட வேண்டும். “ம்”, “ன்”, “ல்” போன்ற ஈற்றெழுத்துகளும் அப்படியே: முன்கூட்டியே மூடினால் ஒலி மூக்கில் போய் அடங்கும். “ஸ்” இன்னும் மோசம். ஆளுக்கொரு நேரத்தில் விட்டால் சைக்கிள் டியூபில் காற்று இறங்குவது போலிருக்கும். அது எத்தனையாவது தாளத்தில் விழ வேண்டும் என்று பேசிவைத்து, பாட்டுத்தாளிலேயே எழுதிவிடுங்கள்.

எழுதுவதற்குப் பென்சில். பேனா வேண்டாம், மாஸ்டர் மனம் மாறுவார். “அடுத்த வாரம் ஞாபகம் இருக்கும்” என்று நம்புவோரால்தான் அதே இடத்தைக் கொயர் மூன்று வாரம் திரும்பத் திரும்பப் பாடுகிறது. வீட்டில் ஒரே ஒலிப்பதிவைக் கேட்டே மனப்பாடம் செய்வதும் ஆபத்து. அந்தக் கொயரின் வேகமும் மூச்சிடமும் உங்களுக்குள் ஊறிவிடும். பிறகு மாஸ்டரின் கை கண்ணில் படாது.

மேடை நாளில்

முந்தின நாள் ஒத்திகையில் முழுக்குரலில் எல்லாவற்றையும் பாடித் தீர்த்துவிட்டு, மறுநாள் கரகரத்த தொண்டையோடு வருவது ஆண்டுதோறும் நடக்கும் கூத்து. உச்சச் சுரங்களை அன்று பாதிக்குரலில் தொட்டால் போதும். நிகழ்ச்சிக்கு முன் பத்துப் பதினைந்து நிமிடம் உதட்டை அதிரவிட்டு, முனகி, கீழிருந்து மேலே வழுக்கிக் குரலைச் சூடாக்குங்கள். மேடையேறும் நொடியில் ஒரு பாட்டில் தண்ணீரைக் குடிப்பதால் குரல்வளைக்கு ஈரம் வராது. தண்ணீர் அந்த வழியாகப் போவதில்லை. காலையிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும்.

காலி அரங்கில் முழங்கிய ஒலி, ஆட்கள் நிறைந்ததும் வற்றிப்போகும்; உடையும் உடம்பும் ஒலியை உறிஞ்சும். பயந்து கத்தாதீர்கள். அடர்வாசனைத் திரவியம் வேண்டாம், பக்கத்தவருக்கு இருமல் வரும். முழங்காலை விறைத்து நின்றால் இரத்தம் கால்களில் தேங்கித் தலைசுற்றும், மயங்கி விழுவோரும் உண்டு. முழங்காலைச் சற்றுத் தளர்த்தி, எடையைக் கால் மாற்றிக்கொண்டே இருங்கள். தலைசுற்றினால் வெட்கப்படாமல் அங்கேயே உட்கார்ந்துவிடுங்கள்.

பாட்டுத்தாள் ஃபைலை இடுப்பளவில் பிடித்தால் தலை குனியும், குரல் தரைக்குப் போகும். நெஞ்சுக்கு நேரே பிடித்தால் கண்ணை மட்டும் உயர்த்தி மாஸ்டரைப் பார்க்கலாம். வரி தவறினால் முகம் சுளிக்காதீர்கள், பக்கத்தவரைப் பார்க்கவும் வேண்டாம். அதுவரை கவனிக்காதவர்களுக்கும் அது காட்டிக்கொடுத்துவிடும். வாயை மூடி, காதால் இடத்தைப் பிடித்து, அடுத்த வரியின் தொடக்கத்தில் சேர்ந்துகொள்ளுங்கள்.

கடைசிச் சுரம் முடிந்தாலும் மாஸ்டரின் கை கீழே இறங்கும்வரை அசையாதீர்கள். முன்வரிசையில் ஒருவர் ஃபைலை “டப்” என்று மூடினால், அரங்கில் இன்னும் மிதந்துகொண்டிருக்கும் கார்டு அதோடு அறுந்துவிடும்.