பப்பாளியை விடுங்கள், தலைவலியைக் கவனியுங்கள்: கர்ப்ப காலத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலம் பக்கம் ஒரு பெண் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்ததும் வீட்டில் முதல் தடை பப்பாளிக்கும் அன்னாசிக்கும்தான். மாமியார், நாத்தனார், பக்கத்து வீட்டு அக்கா என்று எல்லாரும் அதில் ஒரே குரல். அதே பெண் எட்டாம் மாதத்தில் "தலை விண்ணு விண்ணுன்னு வலிக்குது" என்றால், "வெயில்ல அலைஞ்சிருப்பே, தைலம் தேச்சுப் படு" என்று முடித்துவிடுகிறார்கள். பயப்பட வேண்டியதை விட்டுவிட்டு வேறெதற்கோ பயப்படுகிறோம். பெரும்பாலான தவறுகள் இங்கேதான் ஆரம்பிக்கின்றன.

சாப்பாட்டு விஷயத்தைச் சீக்கிரம் பார்த்துவிடலாம். காய்ப் பப்பாளியைத் தவிர்ப்பது சரி. நன்றாகப் பழுத்ததில் நாலு துண்டு சாப்பிட்டால் கரு கலையாது. தெரியாமல் சாப்பிட்டுவிட்டு ராத்திரியெல்லாம் அழுகிற பெண்களுக்காகச் சொல்கிறேன். குங்குமப்பூ குழந்தையின் நிறத்தை மாற்றாது. அந்தக் காசுக்கு முட்டை வாங்கலாம். மரவள்ளிக் கிழங்கைத் தோல் உரித்து நன்றாக வேகவைத்துச் சாப்பிடலாம், பச்சையாகக் கடிக்கக் கூடாது. 'ரெண்டு உயிருக்குச் சாப்பிடு' என்று இரண்டு ஆள் சோறு போடவும் வேண்டாம். பிந்தைய மாதங்களில் கூடுதலாகத் தேவைப்படுவது நாளுக்குச் சுமார் 350 கலோரி. ஒரு கிண்ணம் சுண்டலும் ஒரு டம்ளர் பாலும் போதும். கிரகணத்தன்று தண்ணீர்கூடக் கொடுக்காமல் உட்கார வைப்பதால் பிள்ளைக்கு ஒரு நன்மையும் இல்லை, தாய்தான் வாடிப்போவாள்.

அடுத்தது நாள் கணக்கு. "நாள் தள்ளிப்போயே எட்டு நாள்தான் ஆச்சு, டாக்டர் அஞ்சு வாரம்னு எழுதியிருக்காங்களே" என்று குழம்புகிற குடும்பங்கள் நிறைய. சில வீடுகளில் அது சந்தேகமாகவே மாறிவிடுகிறது. மருத்துவர்கள் எண்ணுவது கடைசியாக மாதவிலக்கு வந்த முதல் நாளிலிருந்து. அங்கிருந்து 280 நாள்தான் பிரசவத் தேதி. அதனால் எட்டு நாள் தள்ளிப்போயிருந்தால் ஐந்து வாரம் என்பது சரியான கணக்கே. "கோட்டை மாரியம்மன் ஆடிப் பண்டிகை சமயம்" என்று பொதுவாகச் சொன்னால் உதவாது, பண்டிகையே பல நாள் நடக்கிறது. காலண்டரில் அந்தத் தேதியைச் சுழித்து வையுங்கள்.

கண்ணேறு பட்டுவிடும் என்று மூன்று மாதம் யாருக்கும் சொல்லாமல் இருப்பது நம்மிடம் உள்ள வழக்கம். சொந்தக்காரர்களுக்குச் சொல்லாமல் இருங்கள், அது உங்கள் விருப்பம். கிராம சுகாதார செவிலியரிடம் மட்டும் மறைக்காதீர்கள். குழந்தையின் மூளைக்கும் தண்டுவடத்துக்கும் அடிப்படையான குழாய், இதே கணக்கில் ஆறாவது வாரத்துக்குள் மூடிவிடுகிறது. அது சரியாக மூட ஃபோலிக் அமில மாத்திரை உதவும். நான்காம் மாதம் போய் வாங்கினால் அந்த வேலைக்கு அது பிந்திவிட்டது. கருத்தரிக்கத் திட்டமிடும்போதே மருத்துவரைக் கேட்டு ஆரம்பிப்பதுதான் நல்லது. கர்ப்பத்தை அரசிடம் பதிவு செய்ததற்கான பிக்மி எண்ணைச் செவிலியர் மூலம் வாங்கினால்தான் தகுதியுள்ளவர்களுக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் 18,000 ரூபாய் உதவியும் வரும்.

இரும்புச்சத்து மாத்திரையைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். ஏற்காட்டு எஸ்டேட் லைன் வீடு ஒன்றின் காலையை நினைத்துப் பாருங்கள். அடுப்பில் வரக்காப்பி, ஜன்னல் விளிம்பில் மாத்திரை அட்டை. வேலைக்குப் போகிற அவசரத்தில் மாத்திரையை வாயில் போட்டு, அதே காப்பியை ஊற்றி விழுங்கிவிடுகிறாள். தினமும் தவறாமல் போடுகிறாள், ஆனாலும் அடுத்த பரிசோதனையில் "ரத்தம் கம்மியாத்தான் இருக்கு" என்கிறார்கள். காப்பியும் டீயும் இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாமல் தடுப்பவை. மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது இரண்டும் வேண்டாம். எலுமிச்சைச் சாறோ கொய்யாவோ நெல்லிக்காயோ கூடச் சேர்ந்தால் நன்றாகச் சேரும். கால்சியம் மாத்திரையையும் இதோடு போடக் கூடாது. கால்சியம் காலையிலும் மதியமும், இரும்பு ராத்திரி என்று பிரித்துக்கொள்ளலாம்.

மாத்திரை போட்டால் மலம் கறுப்பாகப் போகும். அது சாதாரணம், பயந்து நிறுத்தாதீர்கள். 'சத்து மாத்திரை போட்டால் பிள்ளை பெருத்து ஆபரேஷன் ஆகிவிடும், கறுப்பாகப் பிறக்கும்' என்பதெல்லாம் உண்மையில்லை. வயிறு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் செவிலியரிடம் சொல்லுங்கள். தேவைப்படுவோருக்கு ஊசி வழியாகவும் ஏற்றுவார்கள். குப்பையில் போட்டுவிட்டு "போட்டுட்டேன்" என்று மட்டும் சொல்லாதீர்கள். ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே போனால் ரத்தசோகை. அந்த உடம்பு பிரசவத்தில் போகிற ரத்தத்தைத் தாங்காது. நம்மூரில் தாய்மார்களின் உயிருக்கு உலை வைப்பதில் பிரசவ உதிரப்போக்குக்குப் பெரிய பங்கு உண்டு.

சர்க்கரைத் தண்ணீர் குடித்துச் செய்கிற சோதனையால் சர்க்கரை நோய் வராது, தவிர்க்காதீர்கள். இடுப்பு வலி, பல் வலி என்று மெடிக்கலில் கேட்டு வலி மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். அவற்றில் சில குழந்தையின் சிறுநீரகத்தையும் இதயத்தையும் பாதிப்பவை. வீட்டோடு கொலுசுப் பட்டறை இருந்தால் பற்றவைக்கிற புகையிலிருந்து தள்ளி இருங்கள். தோட்டத்தில் பூச்சி மருந்து அடிக்கிற நாளில் அங்கே வேலைக்குப் போக வேண்டாம்.

ஸ்கேன் அறையில் ஆணா பெண்ணா என்று ஜாடையாகக் கேட்பது இன்னும் நிற்கவில்லை. 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம். பெண் சிசுக்களைக் காப்பாற்ற 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டத்தை இதே சேலத்தில் தொடங்க வேண்டியிருந்தது என்பதை நாம் மறக்கக் கூடாது. குழந்தை ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது தகப்பனின் விந்தணு. பெண்ணாகப் பிறந்ததற்குத் தாயைக் குறை சொல்வதில் கடுகளவும் நியாயம் இல்லை.

இனி அந்தத் தலைவலி. ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு விடாத தலைவலி, கண் மங்கல், கண்ணுக்குள் பூச்சி பறப்பது, மேல் வயிற்றில் வலி, முகமும் கையும் திடீரென வீங்குவது, இவை ரத்த அழுத்தம் ஏறியதற்கான அடையாளங்களாக இருக்கலாம். மாலையில் பாதம் மட்டும் வீங்கி, காலை நீட்டிப் படுத்தால் வற்றுவது பலருக்கும் வரும். வளைகாப்பில் போட்ட வளையல்கள் அப்படியில்லை. போன வாரம் வரை மணிக்கட்டில் கலகலவென்று ஆடியவை இப்போது தோலில் அழுந்தித் தடம் பதிக்கின்றன என்றால் அன்றைக்கே பிரஷர் பார்க்க வேண்டும். 'உப்பு நீர், பிள்ளை பெத்தா வடிஞ்சிரும்' என்று விட்டால் வலிப்பு வரை போகும். அளவு 140/90-ஐ எட்டினாலே மருத்துவர் பார்த்தாக வேண்டும்.

ஏழாம் மாதத்துக்கு மேல் குழந்தையின் அசைவு வழக்கத்தைவிடக் குறைந்தாலும் இதே அவசரம்தான். 'கடைசி மாசத்துல பிள்ளைக்கு இடம் இல்லை, அதான் அசையலை' என்பது ஆபத்தான பேச்சு. இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்து எண்ணுங்கள். இரண்டு மணி நேரத்தில் பத்து அசைவு தெரியவில்லை என்றால் கிளம்புங்கள். உதிரம் பட்டாலும், வலி இல்லாமல் பனிக்குடம் உடைந்தாலும் அப்படியே. சூட்டு வலி என்று சீரகத் தண்ணீர் கொடுத்து விடியும்வரை பார்ப்பதும், வலி வரட்டும் என்று விளக்கெண்ணெய் கொடுப்பதும் வேண்டாம். 37 வாரம் முடியுமுன் விட்டு விட்டுச் சீராக வலி வந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது.

மலையில் இருப்பவர்களுக்கு இந்தத் தாமதம் இரண்டு மடங்கு. ஏற்காட்டிலிருந்து சேலம் சுமார் 30 கிலோமீட்டர்தான், ஆனால் நடுவே 20 கொண்டை ஊசி வளைவுகள். மழைக்காலத்தில் மண் சரிந்தால் குப்பனூர் வழியாகச் சுற்ற வேண்டியிருக்கும். உள்ளே தள்ளியிருக்கும் ஊர்களில் அந்தச் சாலைக்கு வந்து சேரவே நேரம் பிடிக்கும். முதல் பிரசவம் ஆபரேஷன், இரட்டைக் குழந்தை, பிரஷர், ரத்தசோகை என்று ஏதாவது இருந்தால், மருத்துவர் சொல்கிற நாளுக்கு முன்பே கீழே சொந்தக்காரர் வீட்டுக்கு இறங்கிவிடுவதுதான் புத்திசாலித்தனம். தாய் வீட்டுக்குப் போகிறவர்கள் பரிசோதனை அட்டையையும் ஸ்கேன் ரிப்போர்ட்டுகளையும் கையோடு கொண்டுபோக வேண்டும். பிரசவம் எங்கே என்பதைப் பழைய செவிலியரிடமும் புது ஊர்ச் செவிலியரிடமும் சொல்லிவிடுங்கள்.

எட்டாம் மாதத்திலேயே சிலவற்றைப் பேசி வைத்துவிடுங்கள். 108 வண்டி எந்த முனைவரை வரும், சிக்னல் கிடைக்காத இடம் என்றால் யார் போய் ஃபோன் செய்வது, அவசரத்துக்கு யாருடைய ஜீப், ரத்தம் கொடுக்க யார் யார். மூத்த பிள்ளையை யாரிடம் விடுவது, ஆட்டையும் மாட்டையும் யார் பார்ப்பது என்பதையும் சேர்த்துப் பேசுங்கள். அதற்கு ஆள் இல்லை என்பதற்காகவே வலியை வெளியே சொல்லாமல் பொறுத்துக்கொள்கிற பெண்கள் இருக்கிறார்கள்.