ரொசேசியாவை டெர்மாஸ்கோப்பில் பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரொசேசியா என்பது முகம் நெடுநாள் சிவந்திருக்கும் தோல்நோய். கண்ணுக்குச் சிவந்து தெரிந்த கன்னம் டெர்மாஸ்கோப்பை (தோலைப் பெரிதாக்கிக் காட்டும் கைக்கருவி) வைத்ததும் வெளிறிப் போகிறதா? ரத்தநாளங்கள் இல்லை என்று எழுதிவிடாதீர்கள். கருவியின் கண்ணாடி அழுத்தியதில் அவற்றிலிருந்த ரத்தம் விலகியிருக்கிறது, அவ்வளவுதான். ரொசேசியாவில் சிவப்பும் ரத்தநாளங்களும் மேலோங்கிய வகையைத் தவறவிட இந்த ஒரு அழுத்தமே போதும். போலரைஸ்டு ஒளியில் (தோலின் மேற்பரப்புப் பளபளப்பை நீக்கிக் காட்டும் ஒளி), 10 மடங்கு உருப்பெருக்கத்தில், தோலைத் தொடாமல் பாருங்கள். தொட்டே ஆகவேண்டிய கருவி என்றால் அல்ட்ராசவுண்ட் ஜெல்லைத் தாராளமாக வைத்து, சுண்டுவிரலைத் தாடையில் ஊன்றிக்கொள்ளுங்கள். கையின் பாரம் விரலில் இறங்கும். கண்ணாடி ஜெல்லின் மேலேயே நிற்கும்.

ஜெல் வைக்கும் முன் உலர்ந்த தோலை ஒருமுறை பார்த்தாக வேண்டும். இந்தப் படியை விட்டுவிட்டால் திரும்பப் பெற முடியாது. செதில்கள் திரவத்தில் கரைந்ததுபோல் மறைந்துவிடும். மயிர்க்கால் துளையிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் வெண்ணிற இழைகளும் அழிந்துபோகலாம். மயிர்க்காலில் வாழும், ரொசேசியாவில் பெருகிக் காணப்படும் டெமோடெக்ஸ் சிற்றுண்ணிக்கு முக்கிய அடையாளமே அந்த இழைகள்தாம். ஸ்பிரிட் பஞ்சால் முகத்தைத் துடைப்பது இன்னும் மோசம்: இழைகள் போவதோடு, தேய்த்த இடம் புதிதாகச் சிவந்தும்விடும். மேக்கப், சன்ஸ்கிரீன் இருந்தால் மிதமான நீரில் கழுவச் சொல்லி, சிவப்பு அடங்கும்வரை 15 முதல் 20 நிமிடம் காத்திருங்கள். துளைகளில் தங்கிய மேக்கப் துகள்கள் அடைப்புகள் போலவே தெரியும். முகச் சிவப்பைக் குறைக்கும் பிரிமோனிடின் ஜெல் தடவினாரா என்றும் கேளுங்கள். அது ரத்தநாளங்களைச் சுருக்குவதால் பல மணி நேரம் படம் பொய்யாகவே இருக்கும்.

அடுத்தது, படிப்பதில் வரும் தவறு. கோடு போன்ற ரத்தநாளங்கள் பல்கோண வலையாகப் பின்னியிருப்பது ரொசேசியாவின் சிறப்பான அடையாளம். ஆனால் அதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது. ஸ்டீராய்டு களிம்பை நெடுநாள் பூசிய முகத்திலும் இதே வலை தெரியும். கூடவே மெல்லிய முடி வளர்ச்சியும் தோல் மெலிந்த வெண்திட்டுகளும் இருக்கின்றனவா என்று தேடுங்கள். ரத்தநாளங்கள் புள்ளிகளாகச் சிதறி, மஞ்சள் செதிலும் இருந்தால் செபோரிக் டெர்மடைட்டிஸை (எண்ணெய்ப் பசையுள்ள இடங்களில் செதில் உதிரும் தோல் அழற்சி) நினைக்க வேண்டும். துளைகளில் கெட்டியான அடைப்பு, சுற்றிலும் வெள்ளை வளையம் என்றால் டிஸ்காய்டு லூபஸ் (உடலின் நோயெதிர்ப்பே தோலைத் தாக்கும் நோய்). இதை ரொசேசியா என்று எண்ணி நாள் கடத்தினால் முகத்தில் நிரந்தரத் தழும்பு விழலாம். அதனால் இந்த வேறுபாட்டில் அவசரத் தீர்ப்பே கூடாது.

பருக்களும் சீழ்க்கொப்புளங்களும் உள்ள வகையில் கொப்புளத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கருவியை எடுத்துவிடுகிறார்கள். அதைச் சுற்றியுள்ள துளைகளையும் பாருங்கள். வெண்ணிழையோ, அகன்ற துளையில் பழுப்புச் சாம்பல் அடைப்போ தெரிந்தால், 1 சதுர செ.மீ. குறித்த கண்ணாடிச் சில்லில் சயனோஅக்ரிலேட் பசை ஒரு துளி வைத்து, தோலில் ஒட்டி, ஏறத்தாழ ஒரு நிமிடம் கழித்து மெல்ல உரித்து, நுண்ணோக்கியில் உண்ணிகளை எண்ணலாம். சதுர செ.மீ.க்கு 5-க்கு மேல் உண்ணிகள் இருந்தால் அதிகம் என்று கொள்வது வழக்கம். எண்ணிக்கை குறைந்தால் உண்ணி இல்லை என்று பொருளல்ல: முதல் ஒட்டல் மேலடுக்கைத்தான் எடுக்கும். அதே இடத்தில் இரண்டாம் முறை ஒட்டினால் ஆழத்தில் இருப்பவை வரும்.

அழுத்தக் கூடாது என்ற விதிக்கு ஒரு விலக்கு உண்டு. கெட்டியான செம்பழுப்புக் கட்டிகள் இருந்தால் வேண்டுமென்றே அழுத்துங்கள். சிவப்பு விலகியதும் அடியில் ஆரஞ்சு நிறப் பரப்பு தெரிந்தால் ரொசேசியாவின் கிரானுலோமா வகையாக (அழற்சி செல்கள் திரண்டு கட்டியாவது) இருக்கலாம். தோல் காசநோயும், உடலில் இத்தகைய கட்டிகள் தோன்றும் சார்காய்டோசிஸ் நோயும் இதே நிறத்தைக் காட்டும். இங்கே டெர்மாஸ்கோப்பால் முடிவு சொல்ல முடியாது, பயாப்சி (சிறு தோல் துண்டை எடுத்துச் சோதிப்பது) எடுங்கள்.